உஷ் சாரின் கை

அந்தப் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் இல்லாத வாத்தியாரே கிடையாது. ஆனால் மற்றவர்களின் பெயர்கள் பிள்ளைகள் மாற மாற மாறிக்கொண்டே இருக்கும். ஸ்டுடியோவைப் பார்த்துக்கொள்கிறவருடைய பெயர் மட்டும் இருபத்தாறு வருஷமாக மாறவில்லை. உஷ் சார். அங்கே படித்துவிட்டுப் போனவர்கள் தங்கள் பிள்ளைகளைச் சேர்க்க வரும்போதுகூட, "உஷ் சார் இன்னும் இருக்காரா?" என்றுதான் விசாரிப்பார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். அந்த மனுஷன் எதைத்தான் வெளியே காட்டிக்கொண்டார்?

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்குப் பக்கத்தில், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஒரு நீள அறை. சுவரெல்லாம் முட்டை அட்டையை ஒட்டி, அதன்மேல் கறுப்புத் துணியை அடித்து அதை ஸ்டுடியோ ஆக்கியது அவர்தான். ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் இருட்டான சின்ன அறை. வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் கதவைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது, செருமக் கூடாது. செல்போன்கள் எல்லாம் வாசலில் இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். ஒருமுறை தாளாளரே வந்து கதவைத் தட்டிவிட்டு, விளக்கு அணையும்வரை இருபது நிமிஷம் வெளியே தேமே என்று நின்றிருக்கிறார். அவ்வளவு கறார்.

'உஷ்' என்பதுகூட விளக்கு எரிவதற்கு முன்புதான். எரிந்த பிறகு கை. வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையை எதிரே இருப்பவருக்குக் காட்டுவார். அவ்வளவுதான், எப்பேர்ப்பட்ட வானரப் பட்டாளமும் கப்சிப். அவருடைய ஒரே மகள் சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அங்கே வந்து மூலையில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் தும்மல் வந்து, அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர அதை அடக்கினாள். அவர் அதைப் பத்து வருஷம் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அந்த மகளோடு அவர் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

நடந்தது இதுதான். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. அந்த நேரத்தில் பெண், "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அப்பாவிடம்தான் சொல்வேன் என்று நின்றாள். உஷ் சாருக்கோ தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கூடத்தில் நின்று கத்திவிட்டுப் போன சூடு இன்னும் ஆறவில்லை. அவள் பெட்டியோடு வாசலில் நின்று, "அப்பா, ஒரே நிமிஷம். நான் சொல்றத மட்டும் கேளுங்க" என்றாள். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படியிறங்கிப் போனாள்.

போனவள் வேறு ஊரில் தோழியோடு தங்கி வேலை பார்த்தாள். அம்மாவோடு மட்டும் பேசுவாள். இவர் வீம்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் வருஷம் கோபம். இரண்டாவது வருஷம், அவளே கூப்பிடட்டுமே என்ற எண்ணம். மூன்றாவது வருஷம் மனைவி போனில் பேசும்போதெல்லாம் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். கேட்டால் தண்ணீர் குடிக்க வந்தேன் என்பார்.

அன்று காலையில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, இன்னைக்கு மதியம் அவளுக்கு விமானம். வெளிநாட்டுல வேலை கெடைச்சிருக்குன்னு சொன்னேன்ல, அங்க போறா. போனா திரும்பி வர நாலு வருஷமோ அஞ்சு வருஷமோ."

"ம்."

"நான் கெஞ்சிக் கூத்தாடி ஒத்துக்க வெச்சிருக்கேன். ஏறுறதுக்கு முன்னாடி உங்களக் கூப்பிடுவா. தயவுசெஞ்சு எடுத்துப் பேசுங்க. அன்னைக்குச் சொல்ல வந்ததச் சொல்லிடணுமாம்."

"நான் என்ன பேச மாட்டேன்னா சொன்னேன்?" என்றார். கண்ணாடியைப் பார்த்துத் தலையை வாரினார். ஏற்கெனவே வாரின தலை.

அன்றைக்கு ஸ்டுடியோவில் கடைசி வகுப்புப் பிள்ளைகளின் பாட்டுப் படப்பிடிப்பு. பள்ளியை விட்டுப் பிரியும் பாட்டு, அவர்களே எழுதி மெட்டுப் போட்டது. பாட்டை முந்தின வாரமே பதிவு செய்தாகிவிட்டது. இன்றைக்கு அதை ஓடவிட்டு வாயசைக்க வேண்டியதுதான். அதிலும் இயக்குநர் அம்மாவுக்கு, அதாவது இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்ணுக்கு, எல்லாம் மெதுவாக அசைய வேண்டுமாம். அதற்கு ஒரு வித்தை உண்டு. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாடுகிறவன் அதே வேகத்தில் வாயசைக்க வேண்டும். பிறகு படத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் உதடு பாட்டோடு ஒட்டிக்கொள்ளும், கைகால் மட்டும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மிதக்கும்.

"மைக் எடுத்து உள்ள வெச்சிடவா?" என்று கேட்டார்.

"சவுண்டே வேண்டாம் சார். பாட்டுதான் இருக்கே."

அவரே மைக்கைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி அவருடைய சட்டைப் பையில். அதே பையில், இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, டப்பாவுக்குள் போடாத செல்போன்.

பிள்ளைகள் ஆரம்பித்தார்கள். பிரிவுத் துயரத்தில் உருகிய குரல் இரண்டு மடங்கு வேகத்தில் எலிக்குஞ்சு கீச்சிடுகிற மாதிரி வந்தது. பாடுகிற பையன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வாயைப் படபடவென்று அடிக்க, விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் தாங்க முடியாமல் சிரித்துவிட்டான். உஷ் சார் கை உயர்ந்தது.

"சார், மைக் உள்ள தூங்குது சார்! நாம இன்னைக்குக் கச்சேரியே வைக்கலாம்" என்றாள் இயக்குநர் அம்மா.

"பழக்கம்மா, பழக்கம்" என்று அசடு வழிந்தார். பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் கடைசி.

நான்காவது தடவை பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தவரின் நெஞ்சுக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு நாலே எட்டு தூரம். போனை எடுத்தார், பச்சையை அழுத்தினார், காதில் வைத்தார்.

"அப்பா."

மூன்று வருஷம் கழித்துக் கேட்கும் குரல். சளி பிடித்தது மாதிரி இருந்தது. அழுதிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"அப்பா, நான்தான். இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள கூப்பிட்டுடுவாங்க. அன்னைக்குச் சொல்ல வந்தத இன்னைக்காவது சொல்லிடுறேன்ப்பா. கேக்குறீங்களா?"

ஒரு 'ம்' போதும். காலையில் மனைவியிடம் சொன்னாரே, அந்த மாதிரி ஒரு 'ம்'. உதடு பிரிந்தது. கண் விளக்கின் மேல் இருந்தது. தொண்டை அப்படியே நின்றுவிட்டது. மைக் இல்லை, சத்தம் பதிவாகவில்லை, வாய்விட்டுக் கதறினாலும் ஒரு குண்டூசிக்கும் சேதமில்லை. இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? தெரியும். அவருடைய தொண்டைக்குத்தான் தெரியவில்லை. பிள்ளைகளின் பாட்டு மட்டும் கீச்கீச்சென்று அறை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குறீங்களாப்பா? ... அப்பா? ... என்னப்பா இது, பின்னாடி என்ன பாட்டு?"

இரு, இதோ, இதோ வந்துவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. கை தானாக உயர்ந்தது.

"சரிப்பா" என்றாள். "விடுங்க."

பாட்டு முடிந்தது. விளக்கு அணைந்தது. அவர் கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய் மாடிப்படிக்குக் கீழே நின்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். முதலில் எடுக்கவில்லை. பிறகு அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

சாயங்காலம் வீட்டில் மனைவி விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்தாராம், ஒரு வார்த்தை பேசலையாம். ஏதோ கேலிப் பாட்டு ஓடிச்சாம். அவர் இன்னும் மாறலம்மா, இனிமே அவர்கிட்டப் பேசுன்னு என்ன வற்புறுத்தாதேன்னு சொல்லிட்டு ஏறிட்டா."

"ஷூட்டிங்டீ. விளக்கு எரிஞ்சிட்டிருந்துச்சு."

"அதையும் சொல்லிப் பாத்தேன். அப்பா ஷூட்டிங்னா பக்கத்துல மூச்சுச் சத்தம்கூடக் கேக்காது, எனக்குத் தெரியாதாம்மான்னு கேக்குறா. ஏங்க, நெசமாச் சொல்லுங்க. பேச முடியலையா, பேசப் பிடிக்கலையா?"

சத்தியமாக அது அவருக்கே தெரியவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. இருபத்தாறு வருஷப் பழக்கம்தான் வாயைக் கட்டியதா, இல்லை, மூன்று வருஷ வீம்பு கடைசி நேரத்தில் தன் வேலையைக் காட்டியதா? சாப்பிடாமல் படுத்தார்.

பத்து நாள் கழித்து இரட்டைப் பின்னல் பெண் ஸ்டுடியோவுக்கு ஓடிவந்தாள். "சார், நீங்க மாட்டிக்கிட்டீங்க! பாடுறவனுக்குப் பின்னாடி கண்ணாடியில உங்க உருவம் தெரியுது சார். நாங்க யாரும் அப்பப் பாக்கல. நல்லா இருக்கு, வெச்சுக்கட்டுமா?"

பார்த்தார். பாதி வேகத்தில், இருட்டுக் கண்ணாடிக்குள், காதில் போனோடு ஒரு வயசான ஆள். வாய் திறக்கிறது. எவ்வளவு நேரம் திறந்தே இருக்கிறது! முகம் அழப்போகிற குழந்தைபோல் கோணுகிறது. பிறகு கை மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. கோபம் எங்கேயும் இல்லை. வீம்பு இல்லை. அவருக்கு மூச்சு திரும்பி வந்தது போலிருந்தது.

"இந்தத் துண்ட மட்டும் எனக்கு அனுப்பு கண்ணு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் நீட்டினார். "இத அவளுக்கு அனுப்பு. என் நம்பரத் தடுத்து வெச்சிருக்கா. நீ அனுப்பினா பாப்பா. என் மூஞ்சியப் பாத்தாலே புரிஞ்சிடும். இரு, கட் பண்ணிடாதேன்னுதான் சொல்றேன், பாரு."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். படம் மங்கலாக இருந்தது. முகத்தைவிடக் கைதான் பளிச்சென்று தெரிந்தது. போனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இத அனுப்ப வேண்டாங்க."

"ஏன்?"

"அன்னைக்கு வாசல்ல காட்டினதும் இதே கைதான்."

"அன்னைக்குப் பேசாதேன்னு காட்டினேன். இதுல இருன்னு காட்டுறேன். ரெண்டும் ஒண்ணா?"

"எனக்குத் தெரியுதுங்க" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. "அவ எப்படிக் கண்டுபிடிப்பா? ரெண்டையும் நீங்க ஒரே மாதிரிதானே சொன்னீங்க."