கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடுகள்

"இங்கயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் இரண்டு கோடுகளிலும் கையெழுத்துப் போட்டார். முதல் கோட்டுக்குக் கீழே இருந்தது அவர் பெயர். இரண்டாவதற்குக் கீழே அவருடைய தங்கையின் பெயர்.

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவள் அதைப் பார்த்தாள். பத்திரம் எழுதும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக டைப் செய்கிறவள். வருகிறவர்கள் 'கோடு அக்கா' என்பார்கள். ஒரு கோடு காலியாக இருந்தாலும் காகிதத்தை வெளியே விடமாட்டாள். இன்று வாங்குபவர் என்ற இடத்தில் அவள் பெயரே இருந்தது. எட்டு வாடகை வீடுகளுக்குப் பிறகு முதல் சொந்த வீடு. பக்கத்தில் கணவர். எதிரில், வீட்டை விற்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"அண்ணே, இது உங்க தங்கச்சி போட வேண்டியது."

"அவளுக்கு எல்லாம் நான்தான்மா."

"அவங்களுக்காகப் போடலாம்னு எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"கூடப் பிறந்தவகிட்ட எழுதி வாங்குவாங்களா?"

கணவர் முழங்காலால் இடித்தார். "உனக்கு எதுலயும் நொட்டை சொல்லணும். விடேன்." குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் அவர் போன வாரமே சொல்லியிருந்தார்.

உரிமையாளர் இருவரும் கையெழுத்திட்ட பிறகே ஒப்பந்தம் செல்லும். ஒருவருக்காக மற்றவர் கையெழுத்திட்டால் எழுத்துமூலமான அதிகாரத்தை இணைக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இதை முந்தின நாள் அவளேதான் டைப் செய்தாள். மற்றவர்களுக்கு அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டுவாள். இன்று விரல் மடியிலேயே இருந்தது. அந்தச் சமையலறை ஜன்னலுக்குத் திரை தைக்க அளவுகூட எடுத்து வைத்திருந்தாள்.

பேனாவை எடுத்தாள். மூடினாள்.

"தங்கச்சி நம்பர் குடுங்கண்ணே."

ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"எந்த வீட்ட?" என்றது குரல்.

டிரைவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"நீங்களும் அவரும் சேர்ந்து வெச்சிருக்கிற வீடுங்க. உங்க கையெழுத்த அண்ணனே போட்டுட்டார்."

ஸ்பீக்கரில் சிரிப்பு கேட்டது. "ஸ்கூல்ல என் ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்த அவன்தான் போடுவான். இன்னும் அந்தப் பழக்கம் போகலையா?" சிரிப்பு நின்றது. "நான் விக்கலைங்க. ரிட்டையர் ஆனதும் அங்கதான் வந்து இருக்கப்போறேன். அவன்கிட்ட குடுங்க."

டிரைவர் போனை வாங்கவில்லை. "எல்லாம் முடிஞ்சப்புறம் சொன்னா அவ ஒத்துக்குவான்னு நெனச்சேன்மா" என்றார் இவளிடம்.

படியில் இறங்கும்போது கணவர் சொன்னார்: "போன் பண்ணாம இருந்திருந்தா நமக்கு ஒரு வீடு இருந்திருக்கும்."

"பதிவுக்கு அவங்க நேர்ல வரணுமே. அன்னிக்கு நடுத்தெருவுல நின்னிருப்போம்."

"இப்ப மட்டும் எங்க நிக்கிறோமாம்?"

"காலையில வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பார்ப்போம்" என்றாள்.

மறுநாள் காலை வீட்டுக்காரரிடம் போனார்கள். வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, மாதக் கடைசியில் காலி செய்தே ஆகவேண்டும் என்றார். மதிய இடைவேளையில் இரண்டு வீடு பார்த்தார்கள். ஒன்றில் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மற்றதில் சமையலறைக்கு ஜன்னல் இல்லை. அதை எடுத்துக்கொண்டார்கள். மூன்று மணிக்கு அவள் அலுவலகம் திரும்பி, காத்திருந்த இரண்டு ஒப்பந்தங்களை டைப் செய்துவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பினாள்.