ஒற்றை நட்சத்திரம் வாங்கிய செய்திகள்

மருந்துச் செய்திகளுக்கு மார்க் போடுவது என் தொழில். மருந்துக்கு மார்க் போடுவது டாக்டர்கள் பாடு. அந்த மருந்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தி யோக்கியமாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்தது. 'மூட்டுவலிக்கு முற்றுப்புள்ளி' என்று காலையில் ஆசை ஆசையாக வாசித்துவிட்டு, ராத்திரி அதே மூட்டைத் தடவிக்கொண்டே படுத்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், நீங்களும் நானும் ஒரே வார்டு.

என் பெயர் சீலி, மஸ்கட்டில் பதினேழு வருடம் நர்ஸாக நின்றவள். முதுகு மக்கர் பண்ணியதால் தக்கலைக்குத் திரும்பினேன். கல்யாணத்துக்கு நேரம் கிடைக்காமலே வயது போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். பெங்களூரில் ஒரு சிறிய குழுவுக்குத் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் வாசிக்கிற ஆள் தேவைப்பட்டது. கேரள எல்லையில் களியக்காவிளைப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு அது ஒரு தகுதியா? ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். நான்கு வருடமாக நானும் ஒரு லேப்டாப்பும் நான்கு அறை வீடும்.

பத்துக் கட்டங்கள்

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு படிவம், அதில் பத்துக் கட்டம். சிகிச்சையை எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்று செய்தியில் இருக்கிறதா, சோதித்தது மனிதர்களிடமா எலிகளிடமா, கெடுதல் ஏதும் உண்டா, நம் ஊரில் கிடைக்குமா, பேட்டி கொடுத்த டாக்டர் அந்தக் கம்பெனிக்கு வேண்டப்பட்டவரா, இப்படியெல்லாம். செய்தியில் பதில் இருந்தால் டிக். கடைசியில் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று குழுவின் இணையதளத்தில் போடுவார்கள்.

ஒரே செய்தியை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்போம், முடிந்தபின் ஒருவர் படிவம் மற்றவருக்கு வரும். மற்றவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. படிவத்தில் அவர் பெயர் 'மதிப்பீட்டாளர் இரண்டு'. கெடுதலே இல்லாத மருந்து என்று எழுதிய ஒரு செய்திக்கு அவர் ஓரத்தில், 'அப்படி ஒன்று இருந்தால் எனக்கும் ஒரு பாட்டில் அனுப்பவும்' என்று குறிப்பு எழுதியிருந்தார். வாசித்துவிட்டுத் தனியாக இருந்து சத்தமாகச் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு ஒரு வாழ்த்து அனுப்பலாம் என்று, எங்கள் இரண்டு பேருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும் ரகுவிடம் பெயரைக் கேட்டேன். ரகு போனில் சொன்னார்: "பேர் தெரிஞ்சா நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போக ஆரம்பிச்சிருவீங்க மேடம். அப்புறம் எனக்கு எதுக்கு ரெண்டு பேர்?"

மதிலுக்கு அந்தப் பக்கம்

என் வீட்டுக்கு வருகிற ஒரே மனுஷி பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மைனிதான், எங்கள் ஊரில் அண்ணியை மைனி என்போம். பதினொரு மணிக்கு மீன் நறுக்கி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வருவார். வரும்போது பெரும்பாலும் கையில் பேப்பரிலிருந்து வெட்டிய ஒரு துண்டு இருக்கும். அவர் கணவர் ராசையன் அண்ணன் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது நடுக்குவாதம். ஸ்டியரிங் பிடித்த கை டீ கிளாஸைப் பிடித்தால் பாதி டீ வேட்டியில் போகும். நாளைக்கு நான்கு வேளை மாத்திரை. போட்டால் குமட்டும், தூங்கித் தூங்கி விழுவார். போடாவிட்டால் உடம்பு பூட்டிக்கொண்டு ஓர் அடி நகராது. மாத்திரையை எப்போது விடலாம் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். எந்தப் பேப்பர் துண்டு அந்தச் சாக்கைக் கொடுக்கும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

அதனால் மைனி கொண்டுவரும் ஒவ்வொரு துண்டையும் நானே கொன்றுபோடுவேன். "இது இன்னும் ஒருத்தருக்கும் குடுத்துப் பாக்கல மைனி." "இது அந்தக் கம்பெனிக்காரனே சொன்னது மைனி." அவர் துண்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போவார். அண்ணன் மாத்திரையை விடக் கூடாது, மைனி இங்கே வருவதையும் விடக் கூடாது. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. ஒருநாள் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஒரு நாளாவது கொள்ளாம், நல்லதுண்ணு ஒரு வார்த்தை பறஞ்சா, ஒனக்க நாக்கு தேஞ்சா போவும் சீலி?"

யார் படிப்பார்கள்

தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் 'சர்க்கரை நோய்க்கு நிரந்தர விடை' என்று நான்கு காலம் அகலத்துக்குச் செய்தி. கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில், சோதனை நடந்தது எலிகளிடம் என்று இருந்தது. பத்துக் கட்டத்தில் ஒரே ஒரு டிக் போட்டேன், அதுவும் அந்தப் பொடி எழுத்துக்கு. எழுதிய நிருபர் எப்படியோ என் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பாவம், சின்ன வயது. ரொம்பப் பணிவாகத்தான் பேசினார்.

தலைப்பு அவர் போட்டதில்லையாம், மேலே இருப்பவர்கள் போட்டதாம். இருந்தாலும் தலைப்பிலேயே எலி என்று சொல்லியிருக்கலாமே தம்பி என்றேன். எனக்கோ அவர் போனை வைத்துவிடக் கூடாதே என்று இருந்தது. அன்றைக்கு என்னோடு பேசிய முதல் குரல் அது. பிறகு சொன்னார்: "எலிக்கு நல்லாச்சுன்னு தலைப்புப் போட்டா, அத எலிதான் மேடம் படிக்கும்."

சாட்சி

எங்கள் சபையில் சாட்சி சொல்லுகிற வழக்கம் உண்டு. சுகம் கிடைத்தவர் எழுந்து நின்று, அது எப்படிக் கிடைத்தது என்று சொல்வார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸாப் குரூப்பிலும் அதே முறைதான். ஓர் அக்கா, ஒரு மூலிகைக் கஷாயம் சிறுநீரகக் கல்லைக் கரைக்கிறது என்ற செய்தியைப் போட்டு, தான் குடித்ததாகவும் கல் போய்விட்டதாகவும் கீழே எழுதியிருந்தார். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. தொழில் புத்தி சும்மா இருக்குமா? 'எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்று செய்தியில் இல்லையே? சின்னக் கல் தானாகவும் விழும்' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு அந்தக் குரூப்பில் ஒரு கை கூட வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். என்னை யாரும் நீக்கவில்லை. நான் இல்லாத இன்னொரு குரூப்பைத் தொடங்கி எல்லாரும் அங்கே குடிபோயிருந்தார்கள். நான் மட்டும் பழைய வீட்டுக்குக் காவல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஐக்கியத்தின் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கைவைத்து அன்பாகச் சொன்னார்: "நீங்க சொன்னதுல ஒரு தப்பும் கெடையாது சிஸ்டர். ஆனா நமக்கு சாட்சிக்குப் பொறவு பாட்டாக்கும், கேள்வி கெடையாது."

முழு மார்க்

ஐந்து நட்சத்திரம் வாங்குகிற செய்தி வருடத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. அப்படி ஒன்று ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் வந்தது. நடுக்குவாதத்துக்கு ஒரு புது ஊசி. வெகு சிலருக்கே போட்டுப் பார்த்திருக்கிறார்கள், பலன் உண்டா என்று இப்போது சொல்ல முடியாது, சிலருக்குப் புத்தி தடுமாறியது, பழைய மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது. எல்லாம் நேராக, சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தது. பத்துக்குப் பத்து டிக். 'மதிப்பீட்டாளர் இரண்டு' போட்டதும் பத்துக்குப் பத்து. எழுதியவரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடலாம்போல இருந்தது.

இந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்ல? பதினொரு மணிக்கு ஸ்டெல்லா மைனி வந்தார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, "பாருங்க மைனி, அஞ்சுக்கு அஞ்சு. நானாக்கும் போட்டது" என்றேன். ஊசியின் படம், கீழே ஐந்து மஞ்சள் நட்சத்திரம். "அண்ணனுக்க நடுக்க தீனத்துக்குள்ளதா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அதற்குள் ரகுவின் போன் வந்தது. நான் பேசி முடித்துத் திரும்பியபோது மைனி போய்விட்டிருந்தார். பிறகு போய் மிச்சத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவருக்கு மார்க் விஷயம் தெரியும் என்றே நினைத்துக்கொண்டேன்.

முழு மார்க் வாங்கின ஊசி வரப்போகிறது என்று அண்ணன் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டார். மைனியும் தடுக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, குளியலறை வாசலில் உடம்பு பூட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சாய்ந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. மைனியின் சத்தம் கேட்டு ஓடினேன். காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பெஞ்சில் இருந்துகொண்டு, நட்சத்திரம் செய்திக்குத்தான், ஊசிக்கு இல்லை என்று விளக்கினேன். நான் சொல்வது எனக்கே கேவலமாக இருந்தது. மைனி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "நான் ஸ்டார எண்ணிட்டா நம்பினேன்? நாலு வருசத்துல நீ சிரிச்சிட்டு காட்டினது அது ஒண்ணாக்கும். அந்தச் சிரிப்பப் பாத்துதான் நம்பினேன் மக்கா."

தாராளம்

அதற்குப் பிறகு பதினொரு மணிக்கு யாரும் வரவில்லை. நான் இரண்டு பேருக்குக் காப்பி போட்டுவிட்டு, ஒன்றைக் கொட்டினேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒன்றுதான் போட்டேன். மதில் ஓரம் நின்று கூப்பிட்டால், மைனி துணி காயப்போடுவதை விட்டுவிட்டு உள்ளே போனார். கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்கக்கூட எனக்கு வழி இல்லாமல் போனது.

வேலையை மட்டும் விடவில்லை. ஆனால் என்ன வாசித்தேன், எங்கே டிக் போட்டேன் என்பது ஞாபகத்தில் இல்லை. ஒரு வாரம் கழித்து ரகு படிவங்களைத் திருப்பி அனுப்பினார். தனிப்பட்ட விஷயம் படிவத்தில் எழுதக் கூடாது என்பது விதி. விதியை மீறி மதிப்பீட்டாளர் இரண்டு ஓரத்தில் எழுதியிருந்தார். பக்கத்து வீட்டிலோ சபையிலோ யாரும் கேட்காததை, முகம் தெரியாத ஓர் ஆள் கேட்டிருந்தார். திரும்பத் திரும்ப வாசித்து அழுதேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: "முதல் மதிப்பீட்டாளர் இந்த வாரம் கேட்டவர்களுக்கெல்லாம் டிக் கொடுத்திருக்கிறார். அவர் இப்படிச் செய்கிறவர் இல்லை. அவருக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையா?"

ஒரு வாசகர்

ஒரு மாதம் இருக்கும். பதினொரு மணிக்குக் கேட் திறக்கிற சத்தம். மைனி என்று நினைத்து எழுந்தேன். ராசையன் அண்ணன் நின்றார், வலது கையில் மாவுக்கட்டு, இடது கை கேட்டின் கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. கேட்டிலிருந்து வாசலுக்கு அவர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்றோ, பிடிக்கப்போனால் வேண்டாம் என்று தலையாட்டினார். நாற்காலியில் இருந்ததும், "என்ன மன்னிச்சிடுங்க அண்ணா" என்றேன். அவர் அதை விட்டுவிட்டு வீட்டுச் சமாச்சாரத்தைச் சொன்னார்.

வீட்டில் மைனி பேப்பர் வெட்டுவதை நிறுத்திவிட்டாளாம். மாத்திரை நேரத்துக்கு வாயில் போட்டுத் தண்ணீர் கொடுக்கிறாளாம், அதைத் தவிரப் பேச்சு இல்லையாம். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. ஆஸ்பத்திரியில் வேறு என்ன சொன்னார்கள் என்று விசாரித்தேன். அண்ணன் அதைக் காதில் வாங்காமல் லேப்டாப்பைப் பார்த்து மோவாயை அசைத்தார். "மாத்திரை எல்லாம் போட்டாச்சு சீலி. நல்லா எழுதினது எனக்கு வேண்டாம், எனக்கு சொகம் ஒண்ணும் ஆவப்போறதில்லண்ணு அதுல தெளிவாட்டு எழுதியிருப்பான். ஒரு ஸ்டாருக்குள்ளது ஒண்ண எடுத்து வாசி. அதுலயாவது செத்த நேரம் எனக்கு சொகமாவட்டு."

தேடி எடுத்தேன்: ஏதோ ஒரு இலையின் சாறு, பதினைந்தே நாளில் நடுக்கம் பறந்தோடுகிறதாம். டாக்டர் பெயர் இல்லை, சோதித்தவர் கணக்கு இல்லை, கெடுதல் என்ற பேச்சே இல்லை. நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில், மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன்.

நான்கு வருடத்தில் நான் மார்க் போட்ட செய்திகளிலேயே கடைசி வரி வரைக்கும் இரண்டு பேர் கேட்டது அது ஒன்றைத்தான், அதற்கு நான் போட்டிருந்தது ஒற்றை நட்சத்திரம்.