வாசனை போகும்வரை

எழுபதுகளில் நடந்தது இது. எம்.எஸ்சி. வேதியியல் செய்முறைத் தேர்வில் எனக்கு நிறமில்லாத ஒரு திரவத்தைக் கொடுத்தார்கள். அது என்னவென்று கண்டுபிடித்து, சோதனை செய்து நிரூபிக்க வேண்டும். மூடியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா முட்டிக்குத் தேய்த்துக்கொள்ளும் வலித் தைலத்தின் வாசனை. அம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

நிரூபிக்க வேண்டுமென்றால் அதைக் காரக் கரைசலோடு சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டும். நான் குடுவையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அருகில் வந்தார்.

“ஏம்மா, பர்னர் இன்னும் பத்த வைக்கலையா?”

“கொதிக்க வச்சா வாசனை போயிடுமே, சார்.”

“போகணும்மா. அது போனாத்தான் ரியாக்‌ஷன் முடிஞ்சதுன்னு அர்த்தம்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பாவம், அவருக்கு என்ன தெரியும்? பற்றவைத்தேன். கொதிக்கக் கொதிக்க வாசனை குறைந்து, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. ஆறவைத்து அமிலம் ஊற்றியதும் வெள்ளை வெளேரென்று படிகம் வந்தது. விடை சரி.

மயிலாப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தேன். தேர்வில் அந்தப் பாட்டிலைத் திறந்தபோது விரலில் பட்டதை முந்தானையில் துடைத்திருக்கிறேன் போலிருக்கிறது. ஈஸிசேரில் கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பா, நான் கடந்து போகையில் கேட்டார்:

“இன்னிக்கும் வலிக்குதா, மரகதம்?”

மரகதம் என் அம்மாவின் பெயர். அவர் கண்ணைத் திறந்துவிடக் கூடாதே என்று, முந்தானையைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.