எஸ்டோனியத் தூதுவரும் என் தோள் துண்டும்

எஸ்டோனியா எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த நாட்டுத் தூதுவர் என் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் எங்கள் மலையை விட்டு இறங்கினார். இப்படிச் சொல்லிக்கொள்ள ஹட்டனில் வேறு ஆள் இருந்தால் வரச் சொல்லுங்கள்.

போன வருடம் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் புத்தகம் கொடுக்க வந்தார். இங்கிலீஷ் டீச்சர் அவருடைய வரலாற்றைத் தமிழில் வாசித்தார். முதலில் கதை எழுதினாராம், பிறகு தேர்தலில் நின்று பாராளுமன்றம் போனாராம், இப்போது தூதுவராம். கேட்கக் கேட்க என் நெஞ்சு நிமிர்ந்தது. இது என் கதையல்லவா! நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. காமன் கூத்துக்குப் பாட்டுக் கட்டினேன். லயத்து வீடுகளில் இருந்த சனத்துக்கெல்லாம் மனு எழுதினேன். அந்த எழுத்துதான் ஓட்டு வாங்கித் தந்து என்னைப் பிரதேச சபையில் உட்கார வைத்தது. இன்றைக்கும் தண்ணீர்ப் பிரச்சினை என்றால் தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேச என்னைத்தான் அனுப்புகிறார்கள். அது தூது இல்லாமல் வேறென்ன?

அவருக்குச் சரிசமமாக நின்று இதைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. பாடசாலை அதிபரிடம் போனேன்.

"ஐயா, மேடையில நாலு பேருதாங்க. லிஸ்ட்டு போட்டாச்சு."

"ரெண்டு வார்த்தைதானே தம்பி?"

"அதாங்க பயமா இருக்கு. ஒங்க ரெண்டு வார்த்தை பொழுது சாயற வரைக்கும் போகுமே!"

கடைசியில் ஒவ்வொருவராகத் தூதுவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மேடையை விட்டு இறங்கியதும் குறுக்கே போய் நின்றேன். நின்ற உடனே என் கை தோளில் கிடந்த துண்டை உருவிவிட்டது. வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். சபைக்குப் போன நாளிலிருந்து எந்தத் துரைக்கும் நான் துண்டை எடுத்ததில்லை. கை மட்டும் மறக்கவில்லை, பாருங்கள்.

உடம்பே கூசிப்போனது. அதுவரை பொன்னாடையாக வாங்கிக்கொண்டிருந்த அந்த மனிதரோ, இதுவும் ஒன்று என்று நினைத்துக் குனிந்து கழுத்தை நீட்டினார்.

சபையில் இருந்தவனுக்கு இந்த இடத்தில் மூளை வேலை செய்யாவிட்டால் எப்படி? துண்டை உதறி விரித்து அவர் கழுத்தில் போட்டேன். கூட்டம் கை தட்டியது.

"டீச்சரம்மா, நானும் எழுதி, சபைக்குப் போயி, தூது போறவன்தான்னு சொல்லுங்க."

அவர் சிரித்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இப்பவும் எழுதுறீங்களான்னு கேக்குறாருங்க."

"எழுதாம? அவரு எழுதுறாரா?"

"நேரமே கெடைக்கலையாம்."

"அப்ப அதுல நான்தான் ஒரு படி மேலன்னு சொல்லிடுங்க!"

டீச்சர் அதைச் சொன்னாரோ இல்லையோ, பொன்னாடைகள் எல்லாம் டிரைவர் கைக்குப் போயின. என் துண்டு தூதுவர் கழுத்தோடு காரில் ஏறியது.

துண்டு ஏன் என் கைக்கு வந்தது என்று இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. எழுதுகிறவன் என்று அவரிடம் மார்தட்டிவிட்டேனே, அதனால்தான் இதையும் எழுதிவிட்டேன்.