இரண்டாம் நாள் சாப்பாட்டுக்கு வெள்ளை

கப்பலில் இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன உடுத்துவது என்று எங்கள் வீட்டில் பதினோரு நாள் சண்டை நடந்தது. இப்போது சொன்னால் சிரிப்பார்கள். அப்போது வீட்டில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

தம்பி சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அந்த வருடம் கம்பெனிக்காரர்கள் வேலை செய்பவர்களைக் குடும்பத்தோடு கப்பலில் அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். சென்னையில் ஏற்றி, இரண்டு ராத்திரி கடலில் சுற்றிக் காட்டிவிட்டு, மறுபடி சென்னையிலேயே இறக்கிவிடுவார்கள். கிளம்பின இடத்துக்கே திரும்பி வர எதற்குக் கப்பல் என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டு, அறந்தாங்கிக் கடைத்தெருவில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கப்பல் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

என்ன உடுத்த வேண்டும், என்ன கூடாது என்று ஒரு பட்டியலைத் தம்பி போனில் அனுப்பியிருந்தான். ஆங்கிலத்தில் இருந்ததால் படித்துச் சொல்லும் வேலை எனக்கு. நான் ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அதிலிருந்து அப்பா அம்மாவோடுதான் இருக்கிறேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சத்தமாகப் படித்தேன். முதல் நாள் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் நல்லதாக எதை வேண்டுமானாலும் உடுத்தலாம். அரைக்கால் டிரவுசர், கைலி, ரப்பர் செருப்பு கூடாது. பிள்ளைகளானாலும் குளிக்கிற துணியோடு சாப்பாட்டு ஹாலுக்குள் வரக்கூடாது. இரண்டாம் நாள் எல்லாரும் வெள்ளை. குடும்பம் மொத்தமும் வெள்ளையில் வந்தால் சேர்த்து நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக் கொடுப்பார்கள்.

அம்மாவின் கை கீரையிலேயே நின்றுவிட்டது.

"எல்லாரும்னா? நானுமா?"

"எல்லாரும்னுதாம்மா போட்டுருக்கு."

"ஒங்கப்பா குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கையில நான் வெள்ளை கட்டணுமா? நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க."

அப்பாவுக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. கல்யாணத்துக்கும் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டைதான், இழவுக்கும் அதேதான். ஆண்களுக்குத் துணி என்பது எவ்வளவு லேசான விஷயம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அம்மாவை வெறும் பிடிவாதக்காரி என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தின வருடம்தான் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, திருச்சி ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துக் கூட்டிவந்தோம். அன்றிலிருந்து அப்பா இருமினால்கூட அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். அவளுக்கு அது வெறும் கலர் இல்லை. வெள்ளையைத் தொட்டால் எங்கே அது வீடு தேடி வந்துவிடுமோ என்ற பயம்.

தம்பி தினமும் போன் செய்தான். சாப்பாட்டு மேசையில் அவனுடைய மேனேஜர் குடும்பமும் கூட உட்காரப் போகிறதாம். எங்கள் குடும்பம் மட்டும் கலர் கலராகப் போய் நின்றால் அவனுக்கு அசிங்கமாம். அம்மா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி மறுத்தாள். ஒரு நாள் அழுதாள். ஒரு நாள், "ஒன் மேனேஜரா வந்து ஒங்கப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுப்பாரு?" என்று கேட்டாள். தன்னோடு நிற்கவில்லை. தம்பி பொண்டாட்டிக்காகவும் சண்டை போட்டாள். "அது வாழுற பிள்ளை. அதுவும் வெள்ளை போடக்கூடாது" என்றாள்.

எட்டாம் நாள் ஒரு வழிக்கு வந்தார்கள். வெள்ளை இல்லை, சந்தனக் கலர். அதிலும் அரக்குக் கரை அகலமாக இருக்க வேண்டும். தம்பி பொண்டாட்டி வெள்ளைச் சுடிதார் போடலாம், ஆனால் சிவப்புத் துப்பட்டா போட்டுக்கொள்ள வேண்டும். மறுநாள் நானும் அம்மாவும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம்.

கடையில் அம்மா ஒவ்வொரு சேலையையும் வாசல் பக்கம் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்துப் பார்த்தாள். "இதுல மஞ்சக் கலப்பு இருக்காப்பா? நல்லாப் பாத்துச் சொல்லு" என்று கடைப்பையனைப் போட்டு வாட்டினாள். பதினைந்தாவதோ பதினாறாவதோ பிடித்துப்போனது. தம்பிக்கு வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினோம். அவன் முகத்தைச் சுளித்தான். "சரி, தூரத்துலருந்து பாத்தா வெள்ளையாத்தான் தெரியும்" என்றான். அப்புறம், அதே மூச்சில் சொன்னான்.

"அக்காவுக்கு எடுக்க வேண்டாம்லம்மா? அக்காட்டதான் வெள்ளைச் சேலை இருக்கே. நான் எடுத்துட்டு வந்தது. கட்டாமலேதானே வச்சிருக்கு."

கடைப்பையன் குனிந்து சேலை மடிக்க ஆரம்பித்தான்.

அந்தச் சேலை எது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரருடைய கருமாதி அன்று பிறந்த வீட்டுக் கோடியாக வந்தது அது. எங்கள் பக்கம் அப்படித்தான், உடன்பிறந்தவன் வெள்ளைச் சேலை கொண்டுவந்து போட வேண்டும். தம்பி கொண்டுவந்தான். என் தோளில் போட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அன்று ஒரு மணி நேரம் அது என் மேல் கிடந்தது. அப்புறம் பீரோவின் அடித்தட்டுக்குப் போனதுதான். வெள்ளை கட்டு என்று என்னை யாரும் கட்டாயப்படுத்தியதில்லை, காலம் அப்படியெல்லாம் இல்லை. வெளிறின கலரில் பருத்திச் சேலையும் சின்னக் கறுப்புப் பொட்டுமாக வேலைக்குப் போய் வருகிறேன். ஆனால் பளிச்சென்று ஒன்றை எடுத்துக் கட்டு என்றும் யாரும் சொன்னதில்லை.

தம்பி கெட்டவன் இல்லை. வீட்டில் இருக்கும் ஒரு துணியாக நினைத்துச் சொல்லிவிட்டான். அது எனக்கு அந்த நிமிடமே தெரியும். என்னைச் சுட்டது அதைவிட அம்மாதான். எட்டு நாளாக ஒரு நூல் மஞ்சளுக்காகச் சண்டை போட்டவள், மருமகளின் துப்பட்டாவுக்காகச் சண்டை போட்டவள், என் பேச்சு வந்தபோது சந்தனக் கலர் சேலையின் கரையைத் தடவிக்கொண்டு சும்மா நின்றாள்.

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போடத் தெரியாது. "சரி" என்று சொல்லிவிடுவேன். என் சரியைக் கேட்டால் வீட்டில் எல்லாரும் பயப்படுவார்கள்.

"சரி" என்றேன்.

படியிறங்கிக் கடை வாசலில் போய் நின்றுகொண்டேன். அம்மா வர வெகு நேரம் ஆனது.

சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா புதுத்துணிகளுக்கெல்லாம் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்தாள். புதுசு எதுவானாலும் எங்கள் வீட்டில் மஞ்சள் வைக்காமல் உடுத்த மாட்டோம். கோடிச் சேலைக்கு மட்டும் அது கிடையாது. அவள் பார்க்கும்படியாகவே அதை எடுத்து என் பைக்குள் வைத்தேன்.

"வேற ஒண்ணும் எடுத்துக்கலயாத்தா?" என்றாள்.

"மொத நாளைக்கு ஒண்ணு எடுத்துருக்கேன். ரெண்டாம் நாளைக்குத் தம்பி சொன்னது."

அவள் மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பதினோராம் நாளும் அப்படியே முடிந்தது.

கப்பலில் எனக்கும் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து ஜன்னலில்லாத ஓர் அறை. முதல் நாள் சாப்பாடு நல்லபடியாகவே போனது. நான் கடுகுக் கலர் ரவிக்கையும் வெளிறின சாம்பல் கலர் சேலையும் கட்டியிருந்தேன். அப்பா தட்டில் ரசத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மேனேஜரும் அவர் மனைவியும் நல்ல மனிதர்கள். எங்களோடு தமிழில்தான் பேசினார்கள். யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று அவர்கள் ஏறிட்டுப் பார்த்ததாகக்கூட எனக்குத் தெரியவில்லை. இவர்களுக்காகவா இத்தனை சண்டை என்று இருந்தது. ஆனால் நான் பின்வாங்குகிற நிலையில் இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அப்பா நாலே நிமிடத்தில் தயாராகிவிட்டார். அம்மா சந்தனக் கலரைக் கட்டிக்கொண்டு, தன் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். என்னைப் பார்ப்பாள், ஏதோ சொல்ல வருவாள், மறுபடி ஜிப்பை மூடுவாள்.

"நீங்க முன்னால போங்க. நான் கட்டிக்கிட்டு வாரேன்" என்றேன்.

அப்பா வெளியிலிருந்து கூப்பிட, அவள் போனாள்.

சேலையைப் பிரித்தேன். ஆறு வருட மடிப்பு, கோடு கோடாக அப்படியே நின்றது. பாச்சை உருண்டை வாசனை அடித்தது. கட்டி முடித்துவிட்டு, நெற்றியிலிருந்த பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினேன். வேண்டுமென்றேதான் எடுத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அவர்களுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றேன்.

ஹாலில் முந்நூறு பேராவது இருப்பார்கள். எல்லாரும் வெள்ளை. வெள்ளை பலூன், வெள்ளை மேசைத்துணி, வெள்ளைக் கவுன் போட்ட பிள்ளைகள். அந்த வெள்ளையில் நானும் ஒருத்தி, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் மேசையில் தம்பி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. அத்தனை வெள்ளைக்கு நடுவில் என் மேல் இருந்தது மட்டும் அவன் கண்ணுக்கு வேறாகத் தெரிந்திருக்கிறது. நாற்காலி பின்னால் சாய்கிற மாதிரி எழுந்து ஓடி வந்து, பாதி வழியிலேயே என்னை நிறுத்திவிட்டான்.

"ஏன்க்கா இதைக் கட்டுன?"

"நீதானே சொன்ன."

"நான் சும்மா ஒரு சேலைன்னுதான்க்கா நெனச்சுச் சொன்னேன்."

"இதுவும் சேலைதான்."

அவன் உதடு கோணியது. அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பும்போது கோணினது மாதிரியே. "மாத்திட்டு வாக்கா. ஒன்னக் கும்புடுறேன், போய் மாத்திட்டு வா" என்றான்.

"வேற கொண்டாரலயே."

இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் முட்டியது. அப்போது அம்மா வந்துவிட்டாள். தம்பியைத் தள்ளிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் கொண்டாந்திருக்கேன். வா."

அறைக்குள் போனதும் தன் பையின் அடியில் கையை விட்டு ஒரு சேலையை எடுத்தாள். நல்ல இலைப் பச்சை, கடுகுக் கலர் கரை. ஓரத்தில் மஞ்சள் வைத்திருந்தது. அன்று நான் கடை வாசலில் வெயிலில் நின்றபோது எடுத்திருக்கிறாள். என்னிடம் இருக்கும் கடுகுக் கலர் ரவிக்கைக்குப் பொருத்தம் பார்த்து எடுத்திருக்கிறாள்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது. வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடமிருந்து சத்தம் வந்தது.

"அன்னைக்கே ஏம்மா சொல்லல? அவன் அத்தனை பேர் காதுல விழுற மாதிரிச் சொன்னான்ல? மருமகளுக்குப் பேசத் தெரியுது. எனக்குன்னா வாயடைச்சுப் போச்சா?"

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சேலை அவள் மடியில் கிடந்தது.

"எனக்கு ஒங்கப்பா இருக்காரு, வெள்ளை கூடாதுன்னு கத்துனேன். மருமகளுக்குப் புருஷன் இருக்கான், கூடாதுன்னு கத்துனேன். ஒனக்கு என்ன சொல்லிடி கத்துறது? எனக்கு ஒண்ணும் தெரியலடி. சொல்லுறதுக்கு ஒண்ணும் இல்லாம நின்னுட்டேன்."

கடையில் நின்ற நாளிலிருந்து நான் அவளை என்னென்னவோ நினைத்திருந்தேன். இதை மட்டும் நினைக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவளும் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தா சாப்பாட்டை எடுத்து வச்சுருவாங்க" என்றாள். எழுந்து பச்சையைக் கட்டிக்கொண்டேன். கொசுவத்தை அவள்தான் கீழே உட்கார்ந்து நீவிவிட்டாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டை நானே எடுத்து வைத்துக்கொண்டேன்.

திரும்பி நடந்தபோது, இந்தத் தடவை ஹாலில் எல்லாரும் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. தம்பி எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். சாப்பாடு முடியும்வரை அவன் தலை நிமிரவில்லை. என் தட்டில் எது தீர்ந்தாலும் ஓடிப்போய் எடுத்து வந்தான். போட்டோ எடுப்பவர், கலர் ஒத்துவரவில்லை, நான் ஓரமாக நின்றால் நன்றாக இருக்கும் என்றார். "அவங்க நடுவுலதான் நிப்பாங்க" என்றான் தம்பி. அப்படியே எடுத்தார்கள்.

அந்தப் போட்டோ எங்கள் வீட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. வெள்ளைச் சேலையை அம்மா கிழித்து மேசை துடைக்கவும் ஃபேன் துடைக்கவும் போட்டுவிட்டாள். போன மாதம் கீரனூரிலிருந்து ஒரு சொந்தக்காரம்மா வந்திருந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவையே வெகு நேரம் பார்த்தார்.

"எல்லாரும் வெள்ளையா நிக்கிறீங்க. இவ ஒருத்தி மட்டும் ஏன் பச்சை கட்டியிருக்கா?" என்று என்னை வைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டார். குரலில் இழுவை இருந்தது.

அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று அவளையே பார்த்தேன். அவள் முறுக்குத் தட்டை அந்த அம்மாவின் பக்கம் நகர்த்திவிட்டு, யோசிக்கவே இல்லாமல் சொன்னாள்.

"அவளுக்கு வெள்ளை புடிக்காதுங்க."