நம்பர் இல்லாத மொரிஸ் மைனர்

என் அக்கா தவமணியின் கணவர் கனகசுந்தரம் முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் சீஃப் கிளார்க்காக இருந்தவர். வாழ்நாளில் ஒரு பொய்க்கும் கையெழுத்துப் போட்டதில்லை. யாரும் கேட்காமலே அதை எல்லோரிடமும் சொல்லுவார்.

கிரீன் லேன் வீட்டு வாசலில் அவருடைய மொரிஸ் மைனர் கார் நான்கு வருடமாக அசையாமல் நின்றது. எழுபத்தெட்டாம் வருடம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பந்தல் எங்கங்க போடுறது? உங்க காடி மேலயா? இந்தச் சனியனைத் தொலைச்சுட்டு மறுவேலை பாருங்க!"

கல்யாணத்துக்குப் பத்தே நாள்தான் இருந்தது. அத்தானோ எதையும் சட்டப்படிதான் செய்வார். முதலில் வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போய், காரின் பதிவு அட்டையையும் நம்பர் பிளேட்டையும் ஒப்படைத்து, பதிவை ரத்துசெய்துவிட்டு வந்தார். மறுநாள் பாகான் டாலாமிலிருந்து பழைய இரும்புக் கடை சுலைமான் லாரியோடு வந்து, காரைக் கட்டி இழுக்கக் கயிற்றை எடுத்தார். அத்தான் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"நம்பர் இல்லாத கார் ரோட்டுல போகக் கூடாது, தம்பி."

"அப்ப லாரி மேல ஏத்திடுறேன்லா, ஐயா. லாரிக்கு நம்பர் இருக்கு."

"எங்க ஏத்தினாலும் கார் கார்தானே?"

"பின்ன எப்பத்தான் இது கார் இல்லாமப் போகும்?"

அத்தான் யோசித்துவிட்டு, "கழட்டினா" என்றார்.

ஐயோ, அந்த மூன்று நாள்! பெட்ரோலை வடித்தாயிற்று, பேட்டரியை எடுத்தாயிற்று, இரண்டு வாளி மணலும் வைத்தாயிற்று. சிகரெட் பற்றவைக்கப் போன என்னைத் தெருமுனை வரை விரட்டினார். சுலைமான் தலையில் அடித்துக்கொண்டே கழற்றினார். ஒவ்வொரு பாகமும் லாரியில் ஏறும்போது அத்தான் தம் பட்டியலில் டிக் போட்டார்.

கடைசியில் பின்சீட்டைக் காணோம். பட்டியல் நிறையாமல் லாரி நகராது என்றுவிட்டார். தேடிக்கொண்டு சமையலறைப் பின்பக்கம் போனோம். அங்கே அக்கா அதன் மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. வெங்காயமாம்!

"கல்யாணச் சேலையோட இதுல உட்கார்ந்துதானே இந்த வீட்டுக்கு வந்தேன்" என்றாள். "பிள்ளையும் போயிடுவா. இதாவது இருக்கட்டுங்க."

அத்தான் வாசலுக்கு வந்து, பின்சீட்டுக்கு நேரே டிக் போட்டு, "அனைத்தும் ஒப்படைக்கப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சுலைமான் தாளைப் பார்த்தார். "ஐயா, சீட் வரலியே?"

"வந்துடுச்சு தம்பி. எழுதியிருக்கேன்ல? கிளம்புங்க, பந்தல்காரன் வந்துடுவான்."