ஒரே நம்பர் பிராசஸர், ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிள்ளையார்

காலையில இருந்து நாலு போன். எல்லாம் பீங்கான் பொம்மை யூனிட் ஓனருதான். "வீடியோ என்னம்மா ஆச்சு? நாலு மணிக்குப் பார்ட்டி வந்துருவாங்க."

நான் கம்ப்யூட்டர்ல வரைஞ்ச பிள்ளையாரைச் சுத்திச் சுத்திக் காட்டுற வீடியோ அது. அந்த வீடியோவை உருவாக்கச் சொன்னா, என் பழைய லேப்டாப்பு ரெண்டு நாளா பாதியிலேயே நின்னுடுது.

இருப்புக் கொள்ளாம ஃபைலை பென் டிரைவுல போட்டுக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்குற கம்ப்யூட்டர் கடைக்குப் போயிட்டேன்.

"லேப்டாப்பு வாங்கலாமாங்க, டெஸ்க்டாப்பாங்க?"ன்னு கேட்டேன்.

"ரெண்டுலயும் ஒரே நம்பர் பிராசஸருங்க. எதை எடுத்தாலும் ஒரே வேகம்தான்"னாரு கடைக்காரர்.

"அப்ப ரெண்டுலயும் இதை ஓட்டிக் காட்டுங்க."

மொத அஞ்சு நிமிஷம் ரெண்டும் சமமாத்தான் ஓடுச்சு. அப்புறம் லேப்டாப்பு சூடாயி, ஃபேனு மாவு மில்லு மாதிரி கத்த ஆரம்பிச்சு, வேகம் படுத்துடுச்சு. டெஸ்க்டாப்பு அசரவே இல்ல. வீடியோ தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிருச்சு. எனக்கு உக்காரவே முடியல.

கரண்டு போச்சு.

டெஸ்க்டாப்பு கப்புன்னு அணைஞ்சுடுச்சு. லேப்டாப்பு மட்டும் பேட்டரியில தள்ளாடித் தள்ளாடி, மூணே முக்காலுக்கு வீடியோவை முடிச்சுக் குடுத்துடுச்சு. போனுக்கு மாத்தி, அங்கேயே நின்னு யூனிட்டுக்கு அனுப்பிட்டேன்.

"ரெண்டுல எதுக்குங்க பில்லு போடட்டும்?"னாரு கடைக்காரர்.

"டெஸ்க்டாப்புதாங்க நல்லாருக்குது. கரண்டு வரட்டும், இன்னொரு வாட்டி பாத்துட்டுச் சொல்றேன்"னு நழுவிட்டேன்.

அடுத்த வாரம் முருகர் ஆர்டர் இருக்குது. விருத்தாசலத்துல வேற எந்தக் கடையில ரெண்டையும் ஓட்டிக் காட்டுவாங்க?

யுபிஎஸ் வச்சிருக்குற கடையா பாத்துச் சொல்லுங்க.